பெயர் எழுதாத மெஷின்

லீட்ஸ்
1998 செப்ரெம்பர் 6

என் தங்கச்சி ஆகிலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தோடு, ஊருக்கு வருகிற மருதமுனை றஸாக்கின் பையில் ஒரு சாமானும் வருகிறது. சேட்டுகளுக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். கல்குலேட்டர் என்று நினைத்து வாப்பாவின் கடை மேசையில் வைத்துவிடாதே. அது ஒரு கொம்பியூட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும். இங்கே இளம் டொக்டர்மார் இப்போது இதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் வருகிறார்கள்.

இதற்குள் இருப்பதெல்லாம் நானே தட்டி ஏற்றியது. கோடை முழுக்க, வேலை முடிந்து வந்து, மருந்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏற்றினேன். பிள்ளையின் நிறையைக் கொடுத்தால் எவ்வளவு மருந்து என்று சொல்லும். இரண்டு மருந்தின் பெயரைக் கொடுத்தால் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகுமா என்று சொல்லும். நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, வாட்டில் நாற்பது பேர், கேட்க ஒரு மனிதர் இல்லை, புத்தகம் பார்க்க நேரமில்லை என்று. அதை வாசித்த நாளில்தான் இந்த எண்ணம் வந்தது. கூடவே வருகிற சிறு குச்சியால் கண்ணாடியில் எழுத வேண்டும். இரண்டு நாள் பழகினால் போதும், நீ கெட்டிக்காரி.

இரண்டு விசயத்தை மட்டும் மறக்காதே. ஒன்று, பற்றரி. அது முழுதாகச் செத்துப்போனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், திருப்பி எடுக்க முடியாது. மேலதிகமாக இரண்டு பற்றரி எப்போதும் கூடவே இருக்கட்டும். மற்றது, நோயாளியின் பெயரை இதில் ஒருநாளும் எழுதாதே. இங்கே அப்படி எழுதினால் வேலையே போய்விடும். மெஷின் எங்காவது தவறினால் எவர் கையிலும் கிடைக்கும் அல்லவா? ஊரின் சுருக்கம், வயது, நிறை, மருந்து, அளவு. அவ்வளவு போதும். ஆள் யார் என்று உனக்குத் தெரிந்தால் சரி.

இந்த வருசமும் வர முடியாது போலிருக்கிறது. பரீட்சை இருக்கிறது. உம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

காக்கா
இன்ஸாப்


கல்முனைக்குடி
1998 ஒக்ரோபர் 14

அன்புள்ள காக்காவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல இனி என்னிடம் சொல் இல்லை. நாலு வருசமாக ஒரே பரீட்சையைத்தான் எழுதுகிறீர்களா என்று கேட்கிறா. றஸாக் வந்து பையை அவிழ்த்தபோது உங்கள் போட்டோவாவது இருக்குமென்று பார்த்துக்கொண்டிருந்தா. இந்தக் கறுப்புப் பெட்டியைக் கண்டதும் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. இதை உங்களுக்கு எழுதாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். முதல் கிழமை எனக்கு மானமே போய்விட்டது. நான் குச்சியை எடுத்ததும் ஒரு மனிசி பக்கத்துக் கட்டில்காரியிடம் மெல்லமாகச் சொல்கிறா: "டொக்டர் புள்ளைக்குப் படிச்சதெல்லாம் மறந்து போச்சு போல கா. பாத்துத்தான் எழுதுறா." எங்கள் பெரிய டொக்டர் அதற்கு மேல். "என்ன ஆகிலா, இங்கிலாந்திலயிருந்து மாமி வந்திருக்காவா? ஒவ்வொரு சொல்லுக்கும் அவவத்தான் கேக்கிறீங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். நர்ஸ் மிஸ்ஸிமாரும் சிரித்தார்கள். இப்போது வாட்டில் அதற்கு மாமி என்றே பெயராகிவிட்டது.

ஆனால் ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

பாலமுனையிலிருந்து ஒரு பிள்ளை என்னிடம் வந்துகொண்டிருக்கிறாள். வயது பத்தொன்பது. பெயரை உங்களுக்கும் எழுத மாட்டேன், உங்கள் சட்டம்தானே. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அந்த வீட்டுக்கு வெளியே ஒரு காக்கை குருவிக்கும் தெரியாது. உம்மாக்காரி அவளைக் கிளினிக்குக்குக் கூட்டி வருவதே தலைவலி என்று சொல்லித்தான். நம்மூர் உங்களுக்குத் தெரியாதா? வலிப்பு என்று ஒரு சொல் வெளியே போனால், அவளுக்கென்று கட்டிய வீட்டில் அவள் தனியாகத்தான் இருக்க வேண்டும். எந்த மாப்பிள்ளையும் அந்தப் படி ஏற மாட்டான்.

ஒரு வருசமாகப் பெனிற்றோயின் என்ற வலிப்புக் குளிசையில் நன்றாகத்தான் இருந்தாள். போன மாதம் திடீரென்று நடக்கத் தள்ளாடுகிறாள், கதை குழறுகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறதாம். வீட்டில் ஜின் பிடித்துவிட்டது என்று நூல் கட்டி, தண்ணீர் ஓதி, எல்லாம் முடித்துக் கடைசியில்தான் என்னிடம் வந்தார்கள். நானும் மூளையில் ஏதோ என்று பயந்துபோனேன். கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டு எழுதப் பேனையை எடுத்துவிட்டேன். அப்போது உம்மாக்காரி தற்செயலாகச் சொன்னா, வயிற்றெரிவுக்குத் தெருமுனை டிஸ்பென்சரியில் குளிசை எடுத்தோமென்று. பார்த்தால் சிமெற்றிடீன். இரண்டு பெயரையும் மாமியிடம் கொடுத்தேன். ஒன்றாகக் கொடுக்கக் கூடாது, வலிப்பு மருந்து உடம்பில் ஏறி நஞ்சாகும் என்று ஒரு வரி வந்தது. நீங்கள் தட்டிய வரி, காக்கா. வயிற்றுக் குளிசையை நிறுத்தினேன். பத்து நாளில் பிள்ளை நேராக நடந்து வந்தாள். உம்மாக்காரி என் கையைப் பிடித்து முத்தமிட்டா. நிக்காஹ் பேசி முடித்தாயிற்று, ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நாள் வைக்கிறார்கள்.

மெஷினில் அவள் "பி.எம். 19, 42, பி 200." பாலமுனை, வயது, நிறை, பெனிற்றோயின், அதன் அளவு. எல்லோரையும் அப்படித்தான் எழுதுகிறேன். அந்தக் குறிப்புகள் எனக்கும் எங்கள் உதவி வைத்தியர் கேதீஸ்வரனுக்கும் மட்டும்தான் விளங்கும். அவர் சொறிக்கல்முனைக்காரர், வாய் திறக்காத மனிசன். என்னை விட அவருக்குத்தான் மாமியைப் பிடித்துப்போயிற்று.

சரி, ஏசியதற்கு மன்னியுங்கள். வரும்போது மெஷினோடு வராமல் ஆளாக வாருங்கள்.

ஆகிலா


லீட்ஸ்
1998 நவம்பர் 8

ஆகிலா,

மாஷா அல்லாஹ்! உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இங்கே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழும்பி நின்று அந்தப் பாலமுனைப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். ஊர், பெயர் எதுவும் சொல்லவில்லை, பயப்படாதே. எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் பெரிய டொக்டர் வந்து, "உன் தங்கச்சியா?" என்று கேட்டார். பெருமையாக இருந்தது எனக்கு. நான் நாலு வருசமாக இங்கே சளிக்கும் இருமலுக்கும் துண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், அங்கே என்னுடைய ஒரு வரி ஒரு பிள்ளையை எழுப்பி நடக்க வைத்திருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கேள். அதை நீ மட்டும் பொத்திப் பொத்தி வைத்திராதே. கேதீஸ்வரன் வயலுக்கு அப்பால் உள்ள ஊர்களுக்குக் கிளினிக் போகிறவர் என்று முன்பு எழுதியிருந்தாயே. டொக்டரே இல்லாத அந்த இடங்களுக்குத்தான் இது உண்மையில் வேண்டும். அவரிடம் கொடுத்து அனுப்பு. பற்றரியையும் கொடுத்து அனுப்பு.

உம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். போட்டோவும் வரும்.

இன்ஸாப்


கல்முனைக்குடி
1999 ஜனவரி 4

காக்கா,

கேதீஸ்வரனைப் பிடித்துவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போகும் வழியில். வயலுக்கு அங்கால போகிற ரோட்டில் ஆமியின் சோதனைச் சாவடி ஒன்று இருக்கிறது. மாதக்கணக்காக அவரைக் கண்டு பழகிய சாவடிதான், மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு விடுவார்கள். அன்றைக்குப் பெட்டிக்குள் பற்றரி இருந்தது. நான்தான் பொலித்தீன் பையில் சுற்றி வைத்தேன். இயக்கத்தின் கைக்குப் போய்க் குண்டாகும் என்று அந்தப் பக்கம் பற்றரி கொண்டு போகத் தடை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரிச் சாமான்தானே, நம்மை யார் கேட்பார்கள் என்று நினைத்தேன். பற்றரியைக் கண்டதும் பெட்டியைக் கவிழ்த்தார்களாம். மாமி விழுந்தா.

மெஷினைத் திறந்து பார்த்தால் குறிப்புகள். "எஸ்.கே. 31, 50." "கே.கே. 8, 20." "பி.எம். 19, 42, பி 200." ஊரின் சுருக்கத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? சொறிக்கல்முனை, கல்முனைக்குடி, பாலமுனை. மற்றதெல்லாம் அவர்கள் கணக்கில் திகதி, ஆட்களின் எண்ணிக்கை, சாமானின் எண்ணிக்கை. பாலமுனையில் பத்தொன்பதாம் திகதி என்ன நடக்கப் போகிறது, பி என்றால் என்ன, இருநூறு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்களாம்.

நான் முகாமுக்குப் போனேன். பெரிய டொக்டர் வரவில்லை. வாப்பாதான் நோன்போடு வெயிலில் கூட வந்தார். மெஷின் என்னுடையது, காக்கா அனுப்பியது, உள்ளே மருந்து அளவெல்லாம் இருக்கிறது, திறந்து பாருங்கள் என்றேன். அதிகாரி மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். பொத்தானை அமத்தினேன். வெறும் கண்ணாடி. மறுகா புதுப் பற்றரி போட்டேன். புத்தம் புதிதாக எழும்பி, உன் பெயர் என்ன என்று கேட்கிறது. நாலு நாள் எவனெவனோ திறந்து தட்டியிருக்கிறான், பற்றரி செத்திருக்கிறது. நீங்கள் கோடை முழுக்கத் தட்டிய மருந்தெல்லாம் போயிற்று. குறிப்புகளை மட்டும் முதல் நாளே தாளில் எழுதி எடுத்து வைத்திருக்கிறார்கள். இது வைத்தியத்துக்கான மெஷின் என்று காட்ட என்னிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. அவர்களிடமோ நம் குறிப்புகள் மட்டும் இருக்கின்றன.

இதைப் போனில் கதைக்க முடியாது. கொமினிகேசன் கடையில் வரிசையில் நிற்கிற பத்துப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். அதனால் கொழும்புக்குப் போகிறவர் கையில் இதைக் கொடுத்து அங்கிருந்து போடச் சொல்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரியின் கடிதத் தலைப்பில், இது டொக்டர்மார் பாவிக்கிற மெஷின், இன்ன முறையில்தான் குறிப்பு எழுதுவோம், பெயர் எழுதக் கூடாது என்பது எங்கள் சட்டம் என்று உங்கள் பெரிய டொக்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். அதை அவர்கள் மதிப்பார்கள். வெள்ளைக்காரன் கையெழுத்துக்கு இங்கே இன்னும் மரியாதை இருக்கிறது.

அவர் மனைவி கஜேந்தினிக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாளும் ஆகவில்லை. தாமதிக்காதீர்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஆகிலா


லீட்ஸ்
1999 ஜனவரி 24

அன்புள்ள ஆகிலா,

உன் கடிதம் முந்தாநாள்தான் கிடைத்தது. வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

பெரிய டொக்டரிடம் போனேன். மனிதர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் வேறொரு நாட்டின் பாதுகாப்பு விசயம், ஆஸ்பத்திரி பெயரில் கடிதம் தருவதென்றால் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்றார். நிர்வாகத்தில் முதல் கேள்வியே, இது ஏன் உன்னிடமிருந்து வந்தது என்பதாகத்தான் இருக்கும். ஆகிலா, என் விசா மார்ச்சில் முடிகிறது. நீடிக்கும் விண்ணப்பம் உள்ளே கிடக்கிறது. இந்த நேரத்தில் என் பெயரும், பயங்கரவாதம் என்ற சொல்லும் ஒரே தாளில் வந்தால் என்ன ஆகும் என்று நீ யோசித்துப் பார். எனக்காகச் சொல்லவில்லை. வாப்பாவின் கடை இருக்கிற நிலையில் நான் அனுப்புவதில்தான் வீடு ஓடுகிறது என்று உனக்கே தெரியும்.

என் சொந்தப் பெயரில், சாதாரணத் தாளில் ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன். மெஷின் வாங்கிய ரசீதும் இருக்கிறது. இது உதவும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அவர்கள் குறிப்புக்கு உரியவர்களின் பெயரைக் கேட்கக்கூடும். எந்த நிலையிலும் கொடுத்துவிடாதே. வலியோடு நம்மிடம் வந்து சொன்னது அமானிதம், நம்மை நம்பி ஒப்படைத்தது. ஒரு தரம் அதை உடைத்தால் பிறகு யார் நம்மை நம்புவார்கள்? டொக்டர் என்பவள் அந்த இடத்தில் பாறை மாதிரி நிற்க வேண்டும். கேதீஸ்வரன் வெளியே வருவார், இன்ஷா அல்லாஹ். பொறுமையாக இரு. துஆ செய்கிறேன்.

இன்ஸாப்


கல்முனைக்குடி
1999 பெப்ரவரி 8

காக்கா,

உங்கள் பாறை மாதிரிக் கடிதம் சனிக்கிழமை வந்தது. பெயர்களை நான் கொடுத்துப் பதினேழு நாளுக்குப் பிறகு.

லீட்ஸில் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து அமானிதம் என்று எழுதுவது லேசு. இங்கே நோன்புப் பெருநாள் அன்று கஜேந்தினி பச்சைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கேற்றடியில் வந்து நின்றாள். நான் புதுச் சாரியோடு நிற்கிறேன். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. வட்டிலப்பம் கொண்டு வந்து கொடுத்தேன், கை நீட்டவில்லை.

"டொக்டர், அந்த நம்பர் எல்லாம் ஆரெண்டு சொன்னா விட்டுருவாங்களாம். இவர் வாயே திறக்கிறாரில்லையாம். தெரியாது, தெரியாது எண்டே சொல்றாராம். நேத்து அவர்ர சேட்டைக் கழுவுறதுக்கு எண்டு தந்தாங்க. நான் கழுவல்ல டொக்டர், அப்பிடியே வச்சிருக்கன். பாக்கப் போறீங்களா?"

நான் பார்க்கவில்லை. வாப்பா பின்னால் வந்து நின்று மெல்லச் சொன்னார்: "மகள், ஆமிக்கும் அவங்களுக்கும் உள்ள பிரச்சினைக்குள்ள நாம போகப்படாது. ரெண்டு பக்கமும் அடி நமக்குத்தான்." கஜேந்தினிக்குக் கேட்டிருக்கும். திரும்பி நடந்தாள்.

ரெண்டு நாள் கழித்து நான் தனியாக முகாமுக்குப் போனேன். நோயாளிகள் என்று முதலில் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நோயாளி என்றால் பெயர் இருக்கும், பெயர் இருந்தால் வீடு இருக்கும். வீட்டுக்குப் போய்க் கேட்டால் தெரிந்துவிடும்" என்றார் அதிகாரி, நல்ல இங்கிலீசில், தேத்தண்ணியும் வரச் செய்துகொண்டு. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் பெயர் எழுதினேன். என் கையெழுத்திலேயே எழுதினேன். பாலமுனைப் பிள்ளையின் பெயரில் கை நின்றது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீட்டினேன். அவர் பேனையை எடுத்து அந்த இடத்தில் வட்டம் போட்டார். "இதைத்தான் நாங்கள் கேட்டோம்" என்றார். எழுதினேன்.

நம் நாட்டில் டொக்டர் பாறையாக நிற்பது எப்படி என்று நீங்கள் வந்து நின்று காட்டியிருக்கலாம். உங்கள் பெரிய டொக்டரின் கையெழுத்து ஒன்று வந்திருந்தால், நான் அந்தப் பேனையைத் தொட்டிருக்க மாட்டேன். இதை நான் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வீடு வீடாகப் போனார்கள். ஜீப்பில், துவக்கோடு, தமிழ் தெரிந்த ஒருவனையும் கூட்டிக்கொண்டு. பாலமுனையில் அஸர் தொழுகை முடிந்து ஆண்களெல்லாம் ரோட்டில் நிற்கிற நேரமாகப் பார்த்தா போக வேண்டும்? வாசலில் நின்று, "இந்த ஊட்டுல வலிப்புக்கார பிள்ள ஒண்டு இருக்கா? கல்முனை ஆஸ்பத்திரியில குளிச எடுக்கிறதா?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறான். வாப்பாக்காரர் வெளியே வந்து, "எங்கட ஊட்டுல வருத்தக்காரப் புள்ள இல்ல. எங்கட புள்ளைக்கு ஒண்டுமில்ல" என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டிருக்கிறார். ஆனால் உம்மாக்காரி பயந்துபோய் உள்ளேயிருந்து கிளினிக் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டா. ஊரே பார்த்துக்கொண்டிருந்ததாம். இதெல்லாம் அந்தப் பக்கம் போய்வருகிற மிட்வைஃப் கமீலா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கேதீஸ்வரனைப் போன மாதக் கடைசியில் விட்டார்கள். அவர் வீட்டுக்குப் போனேன். வலது கை வீங்கிக் கிடக்கிறது, விரல் மடியவில்லை. நன்றி சொல்வார் என்றா நினைத்தேன்? தெரியவில்லை. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஆரு டொக்டர் பேர் குடுத்த?"

நான்தான் என்றேன்.

வீங்கிய கையை எடுத்து மடியில் வைத்தார். "எனக்கு எல்லாரையும் தெரியும் டொக்டர். ஒரு ஆளையும் சொல்லல்ல. பாலமுனைப் பிள்ளைக்குக் கலியாணம் எண்டு நீங்கதானே சொன்னீங்க. அதை நினைச்சுத்தான் பல்லைக் கடிச்சுட்டு இருந்தன். அப்ப நான் சும்மாவா இருந்தன் இவ்வளவு நாளும்?"

கஜேந்தினி என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். அவர் உள்ளே எழும்பிப் போய்விட்டார்.

மெஷினைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மேசையில் கிடக்கிறது. பாலமுனைப் பிள்ளை மாதக் கிளினிக்குக்கு வரவில்லை. குளிசை இந்நேரம் முடிந்திருக்க வேண்டும். கமீலாவிடம் ஒரு மாதக் குளிசை கொடுத்து அனுப்பினேன். கதவைத் திறக்கவில்லையாம்.

ஆகிலா


லீட்ஸ்
1999 பெப்ரவரி 25

ஆகிலா,

நீ ஏசியதெல்லாம் சரி. பெரிய டொக்டரிடம் இரண்டாம் தரம் நான் கேட்கவேயில்லை. ஒரு தரம் கேட்டுவிட்டு, கேட்டேன் என்று உனக்கு எழுதினேன்.

இப்போது ஒன்றை மட்டும் செய். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நீயே நேரில் போ. பெனிற்றோயினைச் சடாரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் அடுத்தடுத்து வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாப்பாக்காரர் ஏசினால் ஏசட்டும். வேறு யாருக்கும் தெரியாமல், வேறு பெயரில், வேறு இடத்தில் குளிசை கிடைக்க ஒழுங்கு செய்யலாம் என்று சொல்.

இதை ஒரு ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே: மருந்துப் பட்டியல் முழுவதும் இங்கே என் மேசைக் கொம்பியூட்டரில் அப்படியே இருக்கிறது. புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது, பற்றரி செத்தாலும் அழியாதாம், கடவுச்சொல் இல்லாமல் எவரும் திறக்க முடியாதாம். ஏப்ரலில் ஒருவர் வருகிறார். அனுப்பவா? நீ வேண்டாமென்றாலும் கேதீஸ்வரனுக்காவது.

உம்மாவிடம் கதைத்தேன். அவ உன்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறா. சாப்பிடுகிறாயா?

காக்கா


கல்முனைக்குடி
1999 மார்ச் 21

காக்கா,

அனுப்ப வேண்டாம். கேதீஸ்வரன் வேலையை விட்டுவிட்டு மட்டக்களப்பில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். வயலுக்கு அங்கால இப்போது கிளினிக் இல்லை. இங்கே கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள். வயதை மாற்றிச் சொல்கிறார்கள். முன்பு என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால், "ஒண்டுமில்ல டொக்டர், இதான் முதல்" என்கிறார்கள். எந்த மெஷினில் எதைக் கொடுத்து நான் எதைக் கேட்க?

நீங்கள் எழுதுமுன்பே பாலமுனைக்குப் போனேன், ஒரு தரமல்ல, இரண்டு தரம். முதல் தரம் வாப்பாக்காரர் வேலியடியிலேயே மறித்தார். "டொக்டர், ஒங்கட காலுல விழுறன். ஒங்கட கார் இந்த வாசலுல நிண்டா அதுவே போதும், சனம் பாக்கும்" என்றார். அவர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தை நிறுத்தப் போகிறோம் என்று வந்தபோது, பிள்ளைக்கு வருத்தமே இல்லை, ஆஸ்பத்திரியில் பெயர் மாறி எழுதிவிட்டார்கள் என்று சொல்லி, அவர்களுக்கு முன்னாலேயே குளிசைப் போத்தலைக் கிணற்றுக்குள் எறிந்திருக்கிறார். பெருநாள் வரைக்கும் பிள்ளையை நீங்களே வைத்துப் பாருங்கள், ஒரு குளிசையும் இல்லாமல் இருப்பாள் என்று மாமியாராகப் போகிறவவின் வீட்டுக்கே அனுப்பி வைத்திருக்கிறார். இரண்டாம் தரம் நான் போனபோது அவள் மாப்பிள்ளை வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு போவேன்? போயிருக்க வேண்டும். போகவில்லை.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை வாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். விடியலிலிருந்தே விட்டு விட்டு வலித்துக்கொண்டிருந்ததாம். முதலில் பார்த்தது புதிதாக வந்த சின்ன டொக்டர். முன்பு வந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார், இல்லை. ஏதாவது மருந்து எடுக்கிறாளா, இல்லை. பெயரும் வேறு பெயர். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று அந்தப் பக்கமாகப் போய்விட்டார். பாவம், அவரைப் பிழை சொல்ல முடியாது. அவர் கேட்டதற்குக் கிடைத்த பதிலை வைத்துத்தான் வைத்தியம் செய்தார்.

நான் மற்ற வாட்டிலிருந்து வரும்போது கட்டிலைச் சுற்றிச் சனம். முகத்தைக் கண்டதும் தெரிந்துகொண்டேன். உம்மாக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எப்ப நிப்பாட்டின? குளிச எப்ப நிப்பாட்டின?" என்று கத்தினேன். அவ என்னைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற மாப்பிள்ளையின் உம்மாவைப் பார்த்தா.

"எந்தக் குளிச? என்ட புள்ள ஒரு குளிசையும் எடுக்கிறல்ல."

பிள்ளையின் வாயில் நுரை வந்துகொண்டிருக்கிறது, காக்கா. பெற்ற வாய் அதைச் சொல்கிறது.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு எனக்குத் தெரிந்த எல்லாம் செய்தேன். ஊசி, மருந்து, ஒட்சிசன், எல்லாம். அளவு பார்க்க எனக்கு மெஷின் தேவைப்படவில்லை, அவளுடைய நிறை எனக்கு மனப்பாடம். மூச்சுக்கு மெஷின் இருக்கிற இடம் நான்கு மணித்தியாலத் தூரம். அம்புலன்ஸ் வந்து நின்றது. பகல் லுஹருக்குப் பாங்கு சொல்கிற நேரம் அவள் போய்விட்டாள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கொஞ்ச நேரத்தால் உம்மாக்காரி என் அறைக்கு வந்தா. அழவில்லை. அழுகிற நேரம் இன்னும் வரவில்லை போலிருந்தது. கதவைச் சாத்தினா. ஏசுவா, அடிப்பா என்று எழும்பி நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டொக்டர், ஒங்களுக்கு அல்லாஹ் கூலி தருவான். நீங்க எழுதிக் குடுத்த பேரால எங்களுக்கு இந்தக் கதி. இப்ப நீங்கதான் இன்னொண்டும் எழுதித் தரணும். எனக்கு இவளுக்கு இளைய புள்ள ஒண்டு இருக்கு. பதினாறு. வலிப்பு எண்டு எழுதினா அதுக்கும் ஆரும் வரமாட்டான். காய்ச்சல் எண்டு எழுதுங்க."

மௌத்துப் பத்திரத்தை எடுத்தேன். காய்ச்சல் என்று எழுதினேன். முத்திரை குத்தினேன்.

அவவுக்கு வாசிக்கத் தெரியாது. தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி என்னிடம் தந்தா. கதவைத் திறந்தா. வெளியே மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள், பாலமுனைச் சனமும் நின்றது.

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிங்க டொக்டர்" என்றா.

வாசித்தேன்.

ஆகிலா